தரையில் தொடங்கும் விபத்து

1996ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆம் திகதி காலை. ஐக்கிய அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஷெயென் நகர விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய செஸ்னா விமானம் மழைக்குள் புறப்பட்டது. அதில் மூவர் இருந்தனர். ஒருவர் விமானப் பயிற்றுநர். மற்றவர் ஒரு தந்தை. மூன்றாமவர் அவருடைய மகள் ஜெசிக்கா டுப்ரொஃப். அவளுக்கு வயது ஏழு. நமது பாடசாலையில் என்றால் இரண்டாம் தரத்தில் இருக்க வேண்டிய பிள்ளை. விமானத்தின் கால்மிதிகள் அவளுக்கு எட்டாததால், அவற்றில் நீட்டுத் துண்டுகள் பொருத்தப்பட்டிருந்தன.

அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்து கடந்த மிக இளைய பிள்ளை என்ற பெயரை எடுப்பதே அப்பயணத்தின் நோக்கம். முதல் நாள் கலிபோர்னியாவின் கடற்கரை ஊரான ஹாஃப் மூன் பேயிலிருந்து புறப்பட்டு, ஷெயெனில் இரவு தங்கியிருந்தார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவர்களைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தன. இரண்டாம் நாள் காலை, ஓடுபாதையை விட்டெழுந்த சிறிது நேரத்திலேயே விமானம் குடியிருப்புப் பகுதியொன்றில் விழுந்தது. மூவரும் உயிரிழந்தனர்.

"ஏழு வயதுப் பிள்ளையிடம் விமானத்தைக் கொடுத்தால் விழாமல் என்ன செய்யும்?" என்று நமக்குக் கேட்கத் தோன்றும். ஆனால் விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் முடிவு அதுவல்ல. சட்டப்படி அவ்விமானத்தின் பொறுப்பு விமானி, அனுபவமுள்ள அந்தப் பயிற்றுநரே. அப்படியாயின் விமானம் ஏன் விழுந்தது? இதைப் புரிந்துகொள்ள, சிறிய விமானங்கள் பொதுவாக எக்காரணங்களால் உயிர்களைப் பறிக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒருவரே எல்லாம்

நம்மில் பலர் கட்டுநாயக்கவிலிருந்து உம்ராவுக்கோ, தொழிலுக்காகவோ, உறவினரைப் பார்க்கவோ விமானத்தில் சென்றிருப்போம். அத்தகைய பெரிய பயணிகள் விமானத்தில் குறைந்தது இரண்டு விமானிகள் இருப்பர். காலநிலையை ஆராய்வதற்கும், எரிபொருளைக் கணக்கிடுவதற்கும், பாரத்தைப் பார்ப்பதற்கும் தரையில் தனித்தனி ஆட்கள் இருப்பர். ஓர் இயந்திரம் நின்றாலும் மற்றதைக்கொண்டு பாதுகாப்பாகத் தரையிறங்க முடியும்.

தனியார் சிறு விமானம் இதற்கு நேர்மாறானது. நான்கு அல்லது ஆறு ஆசனங்கள், பெரும்பாலும் ஒரே இயந்திரம், ஒரே விமானி. காலநிலை அதிகாரியும் அவரே, பாரத்தைக் கணக்கிடுபவரும் அவரே, "இன்று பறப்போமா, வேண்டாமா?" என்று தீர்மானிக்கும் முகாமையாளரும் அவரே. அவர் தவறு செய்தால் அதைத் தடுப்பதற்கு அருகில் வேறொருவர் இல்லை.

சிறு விமான விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விமானியின் செயலோடோ தீர்மானத்தோடோ தொடர்புடையவை என்பதை அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விபத்துகள் அதிகமாக நிகழ்வது தரையிறங்கும்போதுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் சில்லு உடையும், இறக்கை நசுங்கும், ஆட்கள் உயிரோடு வெளியே வருவார்கள். உயிரைப் பறிக்கும் விபத்துகள் வேறு வகையானவை.

காது சொல்லும் பொய்

அவற்றில் மிகக் கொடியது, கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே பயின்ற விமானி முகிலுக்குள்ளோ பனிமூட்டத்துக்குள்ளோ நுழைந்துவிடுவது. இவ்வகை விபத்தில் சிக்கியவர்களில் உயிர் தப்பியவர்கள் மிகச் சிலரே.

ஏன் அப்படி? நமது உட்செவியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன என்று விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறோம். அவற்றிலுள்ள திரவத்தின் அசைவைக்கொண்டே நாம் திரும்புவதை மூளை உணர்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு தரையில் நடப்பவனுக்காக அமைந்தது. ஒரே சீராக நீண்ட நேரம் சுழன்றால், திரவமும் கால்வாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது சுழல்வதே தெரியாது. சுழற்சி நின்றவுடன் எதிர்ப்பக்கம் சுழல்வதுபோல் தோன்றும். சிறு வயதில் சுற்றிச் சுற்றி விளையாடிவிட்டு நின்றபோது முற்றமே சுற்றியது நினைவிருக்கும். தரையில் இந்தப் பொய்யைக் கண் உடனே திருத்திவிடுகிறது. முகிலுக்குள் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. திருத்துவதற்கு எதுவும் இல்லை.

விமானம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்குகிறது. நேராகவே பறக்கிறோம் என்று விமானி நம்புகிறார். சாய்ந்த விமானம் உயரத்தை இழக்கிறது. அதைக் கண்டு அவர் மூக்கை மேலே இழுக்கிறார். சாய்வைத் திருத்தாமல் இழுப்பதால் திருப்பம் இன்னும் இறுகுகிறது, விமானம் இன்னும் வேகமாகக் கீழிறங்குகிறது. விமானிகள் இதற்கு 'கல்லறைச் சுருள்' என்று பெயரிட்டுள்ளனர்.

1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேர், பயிற்றுநர் அருகிலிருக்க, வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிடப்பட்டனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. பின்னர் அவர்களுக்கு எளிய முறையொன்று கற்பிக்கப்பட்டது: பதறாமல், கருவிகளை நம்பி, மெதுவாக வந்த வழியே திரும்பிவிடு. அதைக் கற்றபின் ஏறக்குறைய எல்லோராலும் பத்திரமாகத் திரும்ப முடிந்தது. கொல்வது முகில் மட்டுமல்ல, 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்' என்ற எண்ணமும்தான் என்பதை இது காட்டுகிறது.

1999ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜோன் கென்னடி ஜூனியர் தமது பைப்பர் விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மறுநாள் உறவினர் ஒருவரின் திருமணம். புறப்படும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. கடலின் மேல் புகார் படிந்திருந்தது. கருவிகளை மட்டும் கொண்டு பறப்பதற்கான தகுதிச் சான்றிதழ் அவரிடம் இல்லை. தாமும் கூட வருவதாக ஒரு பயிற்றுநர் சொன்னபோது, தனியாகவே செல்ல விரும்புவதாகக் கூறிவிட்டார். மார்த்தாஸ் வின்யாட் தீவை நெருங்கும்போது, இருண்ட கடலும் இருண்ட வானமும் ஒன்றாகிப்போன இடத்தில், விமானம் வலப்பக்கம் சாய்ந்து சுருண்டு கடலில் வீழ்ந்தது. இயந்திரத்தில் பழுது எதுவும் காணப்படவில்லை. திசையுணர்வு தடுமாறியதால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை முடிவு செய்தது.

இறக்கை தாங்காத நேரம்

இரண்டாவது பெரிய காரணத்தை விமானிகள் 'ஸ்டோல்' என்பார்கள். மோட்டார் வாகனத்தில் இச்சொல்லைக் கேட்டால் இயந்திரம் நின்றுபோனது என்று விளங்கிக்கொள்வோம். விமானத்தில் அது இயந்திரத்தைப் பற்றியதல்ல, இறக்கையைப் பற்றியது.

இறக்கையின் மேலாகக் காற்று ஒட்டி வழிந்தோடும்வரைதான் விமானத்தைத் தூக்கும் விசை கிடைக்கும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து குழம்பிவிடும். தூக்கும் விசை திடீரெனக் குறையும். வேகம் குறைந்த நிலையில் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தும்போது இது நடக்கிறது. மீளும் வழி மிக எளிது: மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டும். உயரத்தில் இருந்தால் சில விநாடிகளில் சரிசெய்துவிடலாம். தரைக்கு அருகில் என்றால் அந்தச் சில விநாடிகள் கிடைப்பதில்லை. அதுமட்டுமன்றி, தரை எதிரே வரும்போது மூக்கைத் தாழ்த்துவதற்கு மனித மனம் இலேசில் ஒப்பாது. கை தானாகவே மேலே இழுக்கும்.

திரும்பும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பும் விமானத்தின் இறக்கை அதன் நிறையைப்போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும். நேராகப் பறக்கையில் போதுமாக இருந்த வேகம் அப்போது போதாது. அதைவிட ஏறத்தாழ 41 வீதம் கூடுதலான வேகம் வேண்டும். தரையிறங்க வரும் விமானி ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்று பதறி, தாழ்வான உயரத்தில் அவசரமாகத் திருப்பும்போதுதான் இவ்வகை மரணங்கள் பல நேர்கின்றன. அவ்வேளையில் அவர் செய்ய வேண்டியது, இயந்திரத்தின் வலுவைக் கூட்டி மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவதுதான். செலவாவது ஐந்து அல்லது பத்து நிமிடங்களே.

பாரமும் மெல்லிய காற்றும்

மூன்றாவது காரணம் பாரம். ஆசனம் நான்கு இருக்கிறது என்பதற்காக நான்கு பெரியவர்கள், அவர்களின் பெட்டிகள், நிறைந்த எரிபொருள் எல்லாவற்றையும் ஒருமிக்க ஏற்ற முடியாத சிறு விமானங்கள் பல உள்ளன. பாரம் கூடினால் மேலெழ நீண்ட ஓட்டமும் கூடிய வேகமும் தேவை. பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு தானாகவே உயர்ந்து ஸ்டோலுக்கு வழிவிடும்.

இதனோடு காற்றின் அடர்த்தியும் சேர்கிறது. உயரமான இடங்களில் காற்று மெல்லியது. மெல்லிய காற்றில் இறக்கைக்குத் தாங்கு விசை குறைவு, இயந்திரத்துக்கு ஒட்சிசன் குறைவு, முன்னேயுள்ள சுழல் விசிறிக்கும் பிடிமானம் குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில் குறைகின்றன. கடல் மட்டத்தில் துள்ளி எழும் விமானம் மலைநாட்டு ஓடுபாதையில் தள்ளாடி எழுவது இதனால்தான். வெப்பமான நாளில் நிலைமை இன்னும் மோசமாகும்.

எரிபொருளும் இயந்திரமும்

விமானம் என்றாலே பலரும் அஞ்சுவது வானில் இயந்திரம் நின்றுவிடுமோ என்றுதான். நின்றாலும் விமானம் உடனே கல்லைப்போல் விழுந்துவிடாது. சறுக்கியபடி சில கிலோமீற்றர் தூரம் சென்று, வயலிலோ வெளியிலோ இறங்க வாய்ப்புண்டு. இயந்திரம் நின்றுபோகும் சம்பவங்களில் கணிசமானவற்றுக்குப் பழுது காரணமுமல்ல. எரிபொருள் தீர்ந்துபோயிருக்கும். அல்லது ஒரு தாங்கியில் எரிபொருள் இருக்க, வெறுமையான மற்றத் தாங்கியோடு குழாய் இணைக்கப்பட்டிருக்கும்.

1997 ஒக்டோபர் 12ஆம் திகதி கலிபோர்னியாவின் மொன்டறே கடலருகே புகழ்பெற்ற பாடகர் ஜோன் டென்வர் இறந்தது இப்படித்தான். அவர் ஓட்டியது புதிதாக வாங்கிய, தொழிற்சாலையில் அல்லாமல் ஒரு தனிமனிதர் தம் கையால் கட்டிய விமானம். தாங்கியை மாற்றும் கைப்பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால், எட்டுவதற்குக் கடினமான இடத்தில் இருந்தது. புறப்படுமுன் எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டபோது அவர் வேண்டாம் என்றார். வானில் அந்தக் கைப்பிடியை எட்டித் திருப்ப முனைந்தபோது விமானம் அவர் கட்டுப்பாட்டை மீறியது.

மீண்டும் ஷெயென்

இப்போது ஏழு வயது ஜெசிக்காவின் விமானத்துக்குத் திரும்புவோம். மேலே சொன்ன காரணங்களில் எவை அங்கு இருந்தன?

ஷெயென் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,876 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது நுவரெலியாவின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்றுநரோ கடலோர விமான நிலையத்தின் அடர்ந்த காற்றில் பறந்து பழகியவர். விமானத்தில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 96 இறாத்தல், அதாவது 43 கிலோகிராமுக்கு மேல், கூடுதலான பாரம் இருந்தது. இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது, காற்று வீசி வீசி அடித்தது. அந்நிலையில் எழுந்த விமானம் போதிய வேகத்தைப் பேணாமல் ஸ்டோல் ஆகி விழுந்தது.

இவை எவையும் விமானம் எழுந்தபின் திடீரென முளைத்தவை அல்ல. ஓடுபாதை அதே உயரத்தில்தான் இருந்தது. பாரத்தைத் தரையிலேயே கணக்கிட்டிருக்கலாம். மழையைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில மணி நேரம் பொறுத்திருந்தால் மழை ஓய்ந்திருக்கும். அப்படியிருக்க, ஏன் புறப்பட்டார்கள்?

விசாரணைச் சபை அதற்கும் பதில் தந்தது. மோசமடைந்துவரும் காலநிலையில், பாரம் மிகுந்த விமானத்தோடு புறப்பட எடுத்த தீர்மானமே விபத்தின் காரணம் என்றது. அளவுக்கு மிஞ்சிய பயண அட்டவணையைக் காப்பாற்ற வேண்டும் என்ற விருப்பமும், அதற்குப் பின்னணியிலிருந்த ஊடகங்களுக்கான வாக்குறுதிகளும் அதற்குத் துணைபோயின என்றும் எழுதியது. ஓர் ஊரில் பேட்டி, அடுத்த ஊரில் வரவேற்பு. பிந்தினால் எல்லாம் குழம்பும். இதில் வேதனையான செய்தி என்னவென்றால், மிக இளைய விமானி என்ற சாதனைப் பிரிவையே கின்னஸ் நூல் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்கப் பாராளுமன்றம் சிறுவர் விமானிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விமானி அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளையைச் சாதனைக்காக விமானத்தை இயக்கவிடுவது அதன்மூலம் தடுக்கப்பட்டது.

புறப்படுமுன் நான்கு கேள்விகள்

இத்தகைய விபத்துகளிலிருந்து கற்று, இன்று விமானிகளுக்கு நான்கு கேள்விகளைப் பழக்குகிறார்கள். முதலாவது விமானியைப் பற்றியது: நான் நன்றாகத் தூங்கினேனா, நோய், மருந்து, மனக்கவலை ஏதும் உண்டா? இரண்டாவது விமானத்தைப் பற்றியது: எரிபொருள், பாரம், பராமரிப்பு எல்லாம் சரியா? மூன்றாவது சூழலைப் பற்றியது: காலநிலை, ஓடுபாதை, இருள், மலை எப்படி? நான்காவது வெளி அழுத்தத்தைப் பற்றியது: என்னை அவசரப்படுத்துவது யார்? எங்கோ காத்திருக்கும் ஒருவருக்காகவா நான் பறக்கிறேன்?

முதல் மூன்றுக்கும் கருவிகளும் கணக்குகளும் உண்டு. நான்காவதற்கு எந்தக் கருவியும் இல்லை. தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. சிரஸ் என்னும் சிறு விமானத்தில், ஆபத்து நேர்ந்தால் முழு விமானத்தையுமே பரசூட்டில் இறக்கிவிடும் வசதிகூட உள்ளது. ஆனால் அதன் பிடியை இழுப்பதற்கும், "என்னால் இனி முடியாது" என்று நேரத்தோடு ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும்.

இரத்மலானையில் விமானப் பயிற்சிப் பாடசாலைகள் உள்ளன. இக்கட்டுரையை வாசிக்கும் மாணவிகளில் ஒருத்தி நாளை அங்கே விமானியாகப் பயிலக்கூடும். அவளுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கும் இதில் விடயம் உண்டு. விமானி மட்டுமன்றி, அவரோடு பயணிப்பவர்களும் காத்திருப்பவர்களும் அந்த நான்காவது கேள்வியில் பங்காளிகள். மழைக்காலத்தில் வெள்ளம் பாயும் வீதியின் மறுகரையில் நாம் காத்திருக்கும்போது, "எப்படியாவது வந்துவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறோம். இரவு நெடுந்தூரம் வாகனமோட்டி வரும் வாப்பாவிடம் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நாலு முறை கேட்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் கேட்பவரின் காலில் அது வேகமிதியாக இறங்குகிறது.

பெற்றோருக்கும் ஒரு சொல். ஜெசிக்காவின் தந்தை மகளை வெறுத்தவரல்லர். அவளோடு அதே விமானத்தில் அமர்ந்து சென்றவர் அவர். மகளின் பெயர் உயர வேண்டும் என்ற ஆசையும் பிழையானதல்ல. அன்று காலை அந்த மழையைப் பார்த்து, "மகளே, இன்று வேண்டாம், நாளை பார்ப்போம்" என்று சொல்ல அங்கிருந்த பெரியவர்கள் இருவரில் ஒருவருக்குக்கூட இயலாமற்போனதுதான் பிழை.

சிறிய விமானங்களின் கதைகளைத் திரும்பப் பார்க்கும்போது, அவற்றில் பலவற்றைத் தடுத்திருக்கக்கூடிய சொல் அந்த ஒன்றுதான். அதைச் சொல்லப் பணம் தேவையில்லை, பொறியியல் அறிவும் தேவையில்லை. தரையில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.